ஆணி இறங்காத கம்பம்

இன்வெர்னஸ்
6 மார்ச் 1997

அண்ணா,

போனில் நான் வாயைத் திறந்ததும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அடுப்பில் போடுவதானாலும் இரண்டு வரி படித்துவிட்டுத்தான் போடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

உனா நன்றாக இருக்கிறாள். புது மருந்துக்குப் பிறகு வலிப்பு ஒரே ஒரு முறைதான் வந்தது, தானாகவே நின்றும்விட்டது. அவளுக்கு நின்றது, எனக்கு இன்னும் நிற்கவில்லை. அவள் தூங்கிய பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதுவதும் அப்படி உட்கார்ந்துதான். உன் மச்சான் ஆலெக் கடலில் இருக்கும் எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து லீவில் வந்தால், "நீயும் கொஞ்சம் தூங்கேன்" என்பார். சொல்லிவிட்டு அவர் தூங்கிவிடுவார்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் கிளம்பியபோது படகுத்துறையில் நீ சொன்னதை மறக்கவில்லை. "பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் தோர்னே தீவுல எடமில்ல, போ." ஆமாம், நான் பயந்தவள்தான். ஜனவரியில் அன்று மத்தியானம் நீயும் என் சமையலறையில்தானே நின்றாய். மருந்து கொடுத்தும் குழந்தையின் கைகால் வெட்டுவது நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் விமானத்தின் சத்தம் மூடுபனிக்கு மேலே வந்தது, சுற்றியது, போனது. மறுபடி வந்தது. மறுபடி போனது. கடைசியில் மீட்புப் படகில், அந்த அலையில், அவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தச் சத்தம் திரும்பிப் போவதை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

அதனால் தெளிவாகச் சொல்கிறேன், பிறகு சொல்லவில்லை என்று சொல்லாதே. பனியிலும் விமானத்தை இறக்கும் அந்த வழிகாட்டிக் கருவி ஓடுபாதையில் என்று மறுபடி வேலை செய்கிறதோ, அன்று நான் என் வீட்டுக்குத் திரும்பி வருவேன். வேலை செய்யாவிட்டால் வரமாட்டேன். அக்டோபரில் நிறுத்தியதை இன்னும் ஏன் ஓடவிடவில்லை? விமான நிலையத்தில் நீல் என்னதான் செய்துகொண்டிருக்கிறார்? கேட்டு எழுது.

இஷ்பெல்


தோர்னே
13 மார்ச்

இஷ்பெல்,

அடுப்புல போடல. ரெண்டு தடவ படிச்சேன். அடுப்புக்கு வெட்டுன கரிமண் ஈரம், அடுப்பும் எரியல, அதனாலதான்னு வெச்சுக்கோ.

நீலைக் கேட்டேன். அவன் பாவம், விமான நிலையத் தலைவரும் அவன்தான், தீயணைக்கிறவனும் அவன்தான், விமானம் இல்லாத நாள்ல தபால் கொடுக்கிறவனும் அவன்தான். என்ன சொல்றான்னா, கருவிலேர்ந்து ஒரு ரேடியோக் கற்றை நேரா மேல போகணுமாம், விமானி அதப் புடிச்சிக்கிட்டே எறங்குவானாம். அக்டோபர்ல சோதனை விமானம் வந்து பார்த்ததுல கற்றை வளைஞ்சு போகுதாம். வளைஞ்சத நம்பி எறங்குனா நேரா கடல்தான். கருவிப் பெட்டிக்குள்ள ஏதோ கெட்டிருக்குன்னு ஒவ்வொரு சாமானா மாத்திப் பார்க்கிறாங்க. "மாத்தறதுக்கு இனி நான் ஒருத்தன்தான் பாக்கி"ங்கிறான்.

முன்ன இருந்த இரும்பு வேலிதான் கற்றை வளையறதுக்குக் காரணம்னு சொல்லி, அத எடுத்துட்டு பிளாஸ்டிக் வேலி வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப மட்டும் சரியாச்சு. இப்ப பழையபடிதான். அவ்வளவு செலவும் தண்டம்.

அந்த வேலியப் பத்திப் பேசாத. ஆணி எறங்காத கம்பம் ஒரு கம்பமா? ஒரு கொக்கிய அடிச்சேன், என் கட்டை விரல்ல எறங்குச்சு. பளபளன்னு ஆளுயரம் நிக்குது, திருடன் ஏற முடியாதாம். தோர்னேல திருடன் யாருன்னு நீலைக் கேட்டேன், உத்தரவுப் பேப்பரப் பார்த்துட்டு "பின்னால வருவான் போல"ங்கிறான். ஆனா அடியில ஒரு முழம் சந்து. போன வருஷம் என் ஆடுங்க குட்டி போட்ட சமயத்துல பதினோரு குட்டி ஓடுபாதை நடுவுல படுத்து வெயில் காயுது. காலை விமானம் மேலயே சுத்துது, நீல் விசில் ஊதிக்கிட்டு ஓடறான். அப்புறம் நான்தான் மேய்ச்சல் பக்கம் முழுக்க அடியில நம்ம அப்பாவோட பழைய ஆட்டுக் கம்பி வலைய இழுத்துக் கட்டுனேன். கம்பத்துக்குக் கம்பம் கட்டுக் கம்பியால முறுக்கி முறுக்கி. அதுக்கப்புறம் ஒரு குட்டி உள்ள போயிருக்கா? நீலே ஒரு விஸ்கிப் புட்டி கொண்டாந்து கொடுத்தான்.

ஞாயித்துக்கிழமை சர்ச்சு சபையில நீ உட்கார்ற எடம் காலியாவே கெடக்கு. பைபிள் சங்கீதம் பாட நான் மொத வரி எடுத்துக் கொடுக்கறப்ப கண்ணு தானா அங்க போகுது. உன் வீட்டுப் புகைபோக்கில புகை இல்ல. காலைல எந்திரிச்சு மொதல்ல அதத்தான் பார்க்கிறேன். ஓடுனது ஓடிட்ட, அங்கயாவது தைரியமா இரு.

தோர்க்கில்


இன்வெர்னஸ்
18 மார்ச்

அண்ணா,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபத்தால் அல்ல. நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது.

அந்தக் கம்பி வலையைக் கருவியின் பக்கமும் கட்டியிருக்கிறாயா? வலை ஒரே தொடர்ச்சியா, நடுவில் விட்டுவிட்டா? போன வருஷம் குட்டி போட்ட சமயம் என்றால், வேலி வைத்த பிறகு நடந்த சோதனை தேறியதே, அதற்குப் பிறகுதானே கட்டினாய்?

இரும்பு வேலியை ஏன் எடுத்தார்கள் என்று யோசித்தாயா? ரேடியோ அலைக்குக் கம்பி என்பது வெயிலுக்குக் கண்ணாடி மாதிரி, பட்டதைத் திருப்பிவிடும். கருவி அனுப்பும் கற்றையோடு, கம்பி திருப்பிவிட்டதும் சேர்ந்துகொண்டால், மேலே இருக்கும் விமானிக்கு வழி கோணலாகத் தெரியும். புது வேலி கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்தது. திருடனுக்குச் சுவர், ரேடியோவுக்குத் திறந்த சன்னல். அதனால்தான் அதில் ஓர் ஆணிகூட இல்லை. நீ சன்னலில் கம்பியைக் கட்டியிருக்கிறாய்.

"காலேஜ் போனவ சொல்லிட்டா" என்று இப்போது முணுமுணுப்பாய். என்னை நம்ப வேண்டாம். சமையலறை ரேடியோவை எடு. பாட்டோ செய்தியோ ஓடும்போதே மீன் போடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடிப் பார். பிறகு ஆட்டுத் தீவனம் போடும் தகரத் தொட்டிக்குள் வைத்து மூடியை அழுத்திப் பார். என்ன கேட்டது என்று எழுது. நீலிடம் இன்னும் எதுவும் சொல்ல வேண்டாம். முதலில் நமக்குள் தெரிந்துகொள்வோம்.

உனா இன்று மோஸ் நாயைக் கேட்டாள். "மாமாவோட நாய் இங்க ஏன் வரல?" என்றாள். கடலில் அதற்கு வாந்தி வரும் என்றேன். "எனக்கும்தான் வந்துச்சு, நான் வரலியா?" என்கிறாள்.

இஷ்பெல்


தோர்னே
24 மார்ச்

இஷ்பெல்,

ரேடியோவ மீன் பெட்டில வெச்சேன். வானிலை சொல்றவன் மூடி போட்டும் நிறுத்தாம பேசுறான். தகரத் தொட்டில வெச்சு மூடுனேன். கப்சிப். தொறந்தா பேச்சு, மூடுனா கப்சிப். மோஸ் என்னைப் பார்த்த பார்வைய நீ பார்க்கணும். ஆளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நினைச்சிருச்சு.

சரி, தொட்டி தொட்டிதான். சுத்தி மூடுன தகரமும் முழங்கால் ஒசரத்து ஓட்டை வலையும் ஒண்ணா? அதுல கடல் காத்தே தாராளமா போகுது. வானத்துல போற விமானம் என் ஆட்டு வலையப் பார்த்து வழி தவறுமா? இத நான் போய் நீல்கிட்ட சொன்னா, பொறந்த நாள்லேர்ந்து மேச்ச, ஓடுபாதைய ஒட்டின கடலோரப் புல்வெளிய ஒரே கையெழுத்துல புடுங்கிருவாங்க. வேலிய தொடக் கூடாதுன்னு குத்தகைல எழுதியிருக்கு. இப்ப எல்லா ஆடும் நிறை சினை. வலைய எடுத்தா அதுங்கள எங்க கட்டிப் போடறது, உன் காலேஜ்லயா?

அது போகட்டும். நீ எழுதாம விட்டதையும் நான் படிச்சேன். அன்னைக்கு விமானம் ரெண்டு தடவ வந்து ரெண்டு தடவயும் திரும்புனதுக்குக் காரணம் நான்தான்ங்கிற. உனாவ இந்தக் கையால தூக்கிப் படகுல கொடுத்தவன் நான். உதடு நீலமா இருந்துச்சு. அந்தக் கையே வலையையும் கட்டுச்சுன்னு எனக்கு எழுதறதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துச்சு.

பெட்டில கோளாறு. பெட்டிலதான் கோளாறு. அவங்களே சொல்றாங்க.

தோர்க்கில்


இன்வெர்னஸ்
31 மார்ச்

அண்ணா,

நீ படித்ததாகச் சொல்வதை நான் எழுதவில்லை. எழுதாததைப் படிப்பவன் அதை முன்பே நினைத்திருக்கிறான். அதோடு விட்டுவிடுகிறேன்.

யார் குற்றம் என்று தேட எனக்கு நேரமில்லை. வலையைக் கட்டியது நீ, ஆனால் தினமும் அதைப் பார்த்தபடி நடந்தது தோர்னே முழுவதும். நீல் பார்த்தார். பெட்டியைத் திறந்து திறந்து மூடியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நம் ஊரில் வேலியில் கம்பி இருப்பது ஆட்டின் மேல் ரோமம் இருப்பது மாதிரி, கண்ணில் படவே படாது. நானும் அங்கே இருந்தேன். எனக்கும் படவில்லை.

இன்று நீலின் வீட்டுக்குப் பேசினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருவியைப் பற்றி மட்டும் கேட்டேன். "ஏழாம் தேதி திங்கக்கெழமை சோதனை விமானம் வருதும்மா. இதுலயும் தேறலேன்னா கருவியவே கழட்டிக் கொண்டு போயிருவாங்க. இந்தத் தீவுக்கு இனிமே கெடையாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

ஆகவே கேள். அதற்கு முன்னால் வலை கழன்றாக வேண்டும். ஒரு கட்டுக் கம்பிகூட மிச்சம் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளில் நீ கயிறுகூட முடிய மாட்டாய் என்று தெரியும், அதனால் சனிக்கிழமைக்குள் முடித்துவிடு. இந்தக் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிடும். திங்கட்கிழமை காலை, விமானம் கிளம்பும் முன்பு, நான் நீலுக்குப் பேசுவேன். வலை இருந்தால் நானே சொல்வேன். புல்வெளி போனால் போகட்டும். நீ அதற்குப் பிறகு என்னோடு பேசாவிட்டாலும் சரி. அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள் என்று சபையே என் முகத்தைப் பார்க்காமல் போகட்டும், என் மகளுக்கு வலிப்பு வரும் நாளில் அந்த விமானம் இறங்கினால் போதும். நம் தீவில் அவள் மட்டுமா குழந்தை?

ஆனால் அந்தப் போனை நான் செய்யும்படி வைத்துவிடாதே. இவ்வளவுதான் உன்னிடம் நான் கேட்பது.

இஷ்பெல்


தோர்னே
8 ஏப்ரல்

இஷ்பெல்,

உன் லெட்டர் வியாழக்கிழமை வரல. புயல்ல கப்பல் ரெண்டு நாள் அந்தப் பக்கமே கட்டிக் கெடந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் நீல்தான் பையத் தூக்கிக்கிட்டு வந்து கொடுத்தான். "தங்கச்சி அடிக்கடி எழுதறாளே, சமாதானம் ஆயிட்டீங்களா?"ன்னான். இன்னும் பேச்சுவார்த்தைன்னேன்.

படிச்சேன். குறடை எடுத்துக்கிட்டு நேரா வேலிக்குப் போனேன். கண்ணு தெரியற வரைக்கும் வெட்டுனேன். புல்லு வலைக்குள்ள பூந்து வேரே விட்டிருக்கு, ஒவ்வொரு முழமும் புடுங்கத்தான் வேணும். இருட்டறப்ப பாதிகூட ஆகல. கருவிக்கு எதிர்ப்பக்கம் முழுசா பாக்கி.

ஞாயித்துக்கிழமை காலைல கறுப்புக் கோட்டு, கறுப்பு டை எல்லாம் போட்டுக்கிட்டுக் கிளம்புனேன். சபை வாசல் வரைக்கும் போனேன். உள்ள எல்லாரும் உட்கார்ந்தாச்சு. நீ உட்கார்ற எடத்த எட்டிப் பார்த்தேன். அதுக்கப்புறம் என் காலு உள்ள வரமாட்டேன்னுச்சு. திரும்பி வேலிக்குப் போயிட்டேன். வீட்டுக்குப் போய் உடுப்பு மாத்தல. மாத்துனா மனசும் மாறிரும்னு பயம். கோட்டோடயே வெட்டுனேன். உங்க அண்ணி இருந்தப்ப வாங்குன கோட்டு, கை ரெண்டும் கிழிஞ்சு போச்சு.

காத்து சபைப் பக்கத்துலேர்ந்து என் பக்கம்தான் அடிச்சுது, அங்க பாடுனா எனக்குக் கேக்கும். சபைல சங்கீதம் ஆரம்பிக்கற நேரம் வந்துச்சு, சத்தமே இல்ல. நான் மொத வரி எடுத்துக் கொடுக்காம அங்க ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும். வெட்டறத நிறுத்திட்டு நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சு கிழவன் மர்டோ எடுத்தான். எடுத்தவன் ரொம்ப மேல எடுத்துட்டான், பெண்டுகள்கூட எட்ட முடியாம தவிக்கிறாங்க. ஆனாலும் விடாம பாடுனாங்க. அந்தப் பாட்டக் கேட்டுக்கிட்டேதான் கருவிப் பக்கத்துக் கம்பியெல்லாம் வெட்டுனேன்.

முடிஞ்சு எல்லாரும் ரோட்டோட வந்தாங்க. நான் குனிஞ்ச தலை நிமிரல. செருப்புச் சத்தம் ஒவ்வொண்ணா கிட்ட வந்து நின்னுச்சு. போதகர்தான் பேசுனாரு. "தோர்க்கில், ஓய்வுநாள்ல அவசியத்துக்கும் இரக்கத்துக்கும்தான் வேலை செய்யலாம். இது எது?"

"ரெண்டும்தான் ஐயா"ன்னேன்.

நீல் முன்னால வந்து வலைச் சுருளையும் கருவியையும் மாத்தி மாத்திப் பார்த்தான். மூஞ்சி சுண்ணாம்பாட்டம் ஆயிருச்சு. "இது எப்பலேர்ந்து இருக்கு?"

"போன வருஷத்துலேர்ந்து. நீதான் புட்டி கொடுத்த."

"நான் தெனமும் இதத் தாண்டித்தான் போறேன்"னான்.

போதகர் வேலியோட நீளத்த ஒரு தடவ பார்த்தாரு. அப்புறம், "அவசியம்னா ஒரு ஆள் ராத்திரி வரைக்கும் செய்யறதுல அர்த்தமில்ல"ன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. போனாருன்னா, யாரு என்ன செய்யறாங்கன்னு பார்க்க வேணாம்னு போனாரு. நீல் கையுறையக் கழட்டுனான். மர்டோ மவன் வேனுக்குள்ளேர்ந்து குறடு எடுத்தான். ஞாயித்துக்கிழமை வேனுக்குள்ள குறடு எதுக்குன்னு யாரும் கேக்கல. சாயங்காலத்துக்குள்ள கடைசி கட்டுக் கம்பி வரைக்கும் பொறுக்கிட்டோம். எல்லாரும் கறுப்புக் கோட்டுலதான். தூரத்துலேர்ந்து பார்த்தா ஏதோ எழவு வேலி ஓரம் நடக்குதுன்னு நினைப்பாங்க.

நேத்து சோதனை விமானம் வந்துச்சு. போச்சு, வந்துச்சு, எத்தனையோ தடவ. நான் ஆடுங்கள மலைப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போய் அங்கயே உட்கார்ந்துட்டேன். பார்க்கத் துணியல. பொழுது சாயறப்ப நீல் மலையேறி வந்தான். வந்து என் பக்கத்துல உட்கார்ந்து, "நேரா போகுது"ன்னான். கோடு போட்ட மாதிரியாம்.

புல்வெளி பத்தி எழுத்துல வரும்னு சொன்னான். இப்போதைக்கு ஆளு கூட நின்னு மேய்க்கலாமாம். வலைக்குப் பதிலா இனி நானும் மோஸும்தான். சபைல மூப்பர்கள் கூடிப் பேசி, கோடைக்காலம் வரைக்கும் நான் மொத வரி எடுத்துக் கொடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. மர்டோதான் எடுப்பான். சபை கஷ்டப்படும்.

அந்த லெட்டர்ல நான் கேட்டேனே, உனக்கு எப்படி மனசு வந்துச்சுன்னு. அதத் திருப்பி எடுத்துக்கறேன்.

தோர்க்கில்


இன்வெர்னஸ்
15 ஏப்ரல்

அண்ணா,

திங்கட்கிழமை காலை நான் போன் செய்தேன். உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு தடவை எண்ணைத் தப்பாகச் சுற்றினேன். மூன்றாவதில் நீல் எடுத்தார். நான் பெயரைத்தான் சொன்னேன். "ஒண்ணும் சொல்லாதம்மா, உங்க அண்ணன் முந்திக்கிட்டான்" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். உனா ஓடிவந்து என் வாயில் அவளுடைய பிஸ்கட்டைத் திணித்தாள்.

வருகிறோம். இருபத்துநான்காம் தேதி வியாழக்கிழமை, மத்தியான விமானம். கப்பலில் வா, பயமில்லாமல் இருக்கும் என்கிறார் ஆலெக். விமானம்தான் என்று சொல்லிவிட்டேன். அன்று வெயில் வேண்டாம். பனி இருந்தால் நல்லது. எனக்கு அதை உள்ளே உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. அவளுடைய மருந்துப் பை என் மடியில்தான் இருக்கும். பயத்தோடு வருகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். தோர்னேயில் அதற்கு இடம் இருக்கிறதா?

இஷ்பெல்


(தோர்னே, இஷ்பெல் வீட்டுச் சமையலறை மேசையில், தேநீர்க் கெண்டிக்கு அடியில்)

24 ஏப்ரல்

இஷ்பெல்,

அடுப்பு மூட்டியாச்சு, காஞ்ச கரிமண்தான். பால் சன்னல்ல இருக்கு. உருளைக்கிழங்கும் உப்பு ஹெரிங்கும் சட்டில. உனாவுக்கு மீன் வேணாம்னா முட்டை ரெண்டு இருக்கு. வாசல்ல வந்து நிக்கலேன்னு கோவிச்சுக்காத. நாலு ஆடு குட்டி போட இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு, நான் நகர்ந்தா நேரா ஓடுபாதைக்குத்தான் போகும். உன் விமானத்துக்கு முன்னால என் ஆடு படுத்திருந்தா நல்லாவா இருக்கும். வேலி ஓரத்துல நிப்பேன், எறங்குனதும் அங்க பாரு.

எடம் இருக்கான்னு கேட்டிருந்த. உன் வீட்டுப் புகைபோக்கி இப்ப புகையுது.

நீ கேட்ட பனி வந்திருக்கு. வாசல் கதவுலேர்ந்து கிணறு தெரியல. இத எழுதிட்டு வேலிக்கு ஓடணும்.

மேல சத்தம் கேக்குது. மோஸ் காத விறைச்சுக்கிட்டு நிக்குது. சுத்துது. வீட்டுக்கு நேர் மேல வந்துருச்சு.

போகல. கீழ வருது.